ஆங்கிலக் கடற்பறவைப் பெயர்களின் வேரைத் தேடும் முறை

16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நியூஃபவுண்ட்லாந்துக் கரைக்கு மீன்பிடிக்கப் போய்வந்த ஆங்கிலேயர்களின் குறிப்புகளில் 'பெங்குவின்' என்றொரு பறவை வருகிறது. அது பறக்காது, கொழுத்திருக்கும், பாறைத் தீவுகளில் கூட்டங்கூட்டமாக நிற்கும், கையால் பிடித்துப் படகில் ஏற்றிவிடலாம் என்று அவர்கள் எழுதினார்கள். அப்படிப்பட்ட வரி ஒன்றை முதன்முதலாகத் தமிழில் தர நேர்ந்தபோது, நான் சிறிதும் யோசிக்காமல் பெங்குவின் என்றே எழுதிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விட்டேன். மறுநாள் திரும்பப் படிக்கையில்தான் உறைத்தது: பெங்குவின்கள் தென்கோளத்துப் பறவைகள்; கனடாவின் கிழக்குக் கரையில் அவற்றுக்கு என்ன வேலை?

அந்தக் குறிப்புகளில் வருவது இன்று நாம் அறிந்த பெங்குவின் அன்று. வட அட்லாண்டிக்கில் வாழ்ந்து அற்றுப்போன 'கிரேட் ஆக்' என்னும் பறவை அது. கடைசியாக அறியப்பட்ட இணை 1844இல் ஐஸ்லாந்தை அடுத்த எல்டே தீவில் கொல்லப்பட்டது. பெங்குவின் என்பது முதலில் அதற்கு வழங்கிய பெயர். தென்கடல்களுக்குப் போன மாலுமிகள், அங்கேயும் நிமிர்ந்து நிற்கும் கறுப்பு வெள்ளைப் பறவைகளைக் கண்டு, தமக்குத் தெரிந்த பெயரையே அவற்றுக்கும் சூட்டினார்கள். பழைய பறவை அழிந்துபோக, பெயர் மட்டும் புதிய பறவையோடு தங்கிவிட்டது.

அந்தச் சறுக்கலுக்குப் பிறகு நான் கைக்கொண்ட முறையை இங்கே விளக்குகிறேன். மொழிபெயர்ப்பவர்களுக்கும், ஆங்கிலம் கற்பிப்பவர்களுக்கும், பறவை நோக்குவதோடு சொல்லையும் நோக்குபவர்களுக்கும் இது பயன்படக்கூடும்.

பொருளைக் கடைசியில் எழுதுங்கள்

ஒரு நோட்டுப் புத்தகத்தில் பக்கத்துக்கு ஒரு சொல் என்று வைத்துக்கொள்ளுங்கள். அச்சொல் இன்று எந்தப் பறவையைக் குறிக்கிறது, அது பதிவான மிகப் பழைய எழுத்து வடிவம் என்ன, எந்த ஆண்டு, அந்த ஆண்டில் அது எந்தப் பறவையைக் குறித்தது, அதைச் சொன்னவர் மீனவரா, மாலுமியா, நூலறிஞரா என்னும் கேள்விகளுக்கு இந்த வரிசையிலேயே விடை எழுதுங்கள். 'பொருள்' என்னும் கட்டத்தை எல்லாவற்றுக்கும் கீழே வைத்து, மேலே உள்ளவை நிரம்பும் வரை அதைத் தொடாதீர்கள். பொருளை முதலில் எழுதிவிட்டால் மற்ற எல்லாக் கட்டங்களையும் நம்மையறியாமல் அதற்கேற்றபடி நிரப்பத் தொடங்கிவிடுவோம். சொற்பிறப்பு ஆய்வில் நேரும் பிழைகளில் பெரும்பாலானவை இப்படிப் பிறந்தவை என்பது என் எண்ணம்.

இதற்கு ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியைப் போல் உதவுவது வேறொன்றும் இல்லை. அது ஒவ்வொரு சொல்லுக்கும் பழைய மேற்கோள்களை ஆண்டு வரிசையில் அடுக்கித் தருகிறது. நூலகத்திலோ சந்தா வழியாகவோ அது கிடைக்காதவர்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஆன்லைன் எட்டிமாலஜி டிக்ஷனரியிலிருந்து தொடங்கலாம். எந்த அகராதியானாலும் 'இருக்கலாம்', 'பெரும்பாலும்', 'தெளிவில்லை' என்னும் சிறு சொற்களைத் தவறாமல் நோட்டில் படியெடுங்கள். அகராதிக்காரர் தயங்கிய இடத்தில் நாம் அடித்துச் சொல்லிவிடக் கூடாது.

அடுத்து, விலங்கியல் பெயரைப் பாருங்கள். அது பல வேளைகளில் பழைய வழக்கைப் புதைபடிவம் போல் காப்பாற்றி வைத்திருக்கும். கிரேட் ஆக் பறவையின் விலங்கியல் பெயர் 'பிங்குவினஸ் இம்பென்னிஸ்'. பெங்குவின் என்னும் பெயரின் முதல் உரிமையாளர் யார் என்பதற்கு அதுவே சான்று. பிரெஞ்சு மொழியில் இந்தப் பழைய உரிமை இன்றும் செல்லும்: அங்கே 'பங்குவான்' என்பது வடகடல் ஆக் குடும்பத்துப் பறவைக்கே பெயர், தென்துருவப் பெங்குவினை அவர்கள் 'மான்ஷோ', அதாவது கை முடம்பட்டது, என்கிறார்கள். பிரெஞ்சிலிருந்து மொழிபெயர்ப்பவர்கள் இதைக் குறித்து வைத்துக்கொள்வது நல்லது.

இவ்வளவும் நிரம்பிய பிறகு பெங்குவினின் பொருள் கட்டத்துக்கு வருவோம். பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் பேசப்படும் வேல்ஷ் மொழியில் 'பென்' என்றால் தலை, 'க்வின்' என்றால் வெள்ளை. ஆகவே வெண்தலை என்பது ஒரு கருத்து. ஆனால் கிரேட் ஆக் பறவையின் தலை கறுப்பு. கண்ணுக்கும் அலகுக்கும் நடுவே மட்டும் ஒரு வெள்ளைத் திட்டு இருந்தது. எனவே, பறவையையல்ல, வெண்மையான பாறை முனையையே முதலில் அப்படி அழைத்தார்கள் என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். கொழுப்பு என்று பொருள்படும் 'பிங்குயிஸ்' என்னும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது என்பது மற்றொரு கருத்து. என் நோட்டில் இரண்டும் உள்ளன, இரண்டின் பக்கத்திலும் 'இருக்கலாம்' என்றே எழுதியிருக்கிறேன்.

நன்னூல் தரும் கருவிகள்

காரணப்பெயர், இடுகுறிப்பெயர், ஆகுபெயர், மரூஉ என்று பள்ளியில் படித்ததை ஆங்கிலச் சொல்லுக்கும் போட்டுப் பார்க்கலாம். அவை நன்றாகவே பொருந்துகின்றன.

பஃபின் என்னும் சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். பருத்த வண்ண அலகோடு கோமாளி போல் நிற்கும் அந்தப் பறவையின் படத்தைப் பார்ப்பவர்கள், உப்பியிருக்கும் அலகையோ கன்னத்தையோ வைத்து அப்பெயர் வந்தது என்று நினைப்பது இயல்பு. ஆனால் 14ஆம் நூற்றாண்டில், ஆங்கிலத்தில் அது 'போஃபின்', 'போஃபோன்' என்பது போன்ற வடிவங்களில் தோன்றும்போது, குறித்தது இந்தப் பறவையையே அன்று. மேங்க்ஸ் ஷியர்வாட்டர் என்னும் வேறொரு கடற்பறவையின் கொழுத்த குஞ்சை, அதிலும் குறிப்பாக உப்பிட்டுப் பதப்படுத்திய அதன் இறைச்சியை. வளையிலிருந்து எடுக்கும்போது அந்தக் குஞ்சு கொழுப்பேறி உப்பிப்போய் இருக்கும். எனவே முதலில் அது தின்பண்டத்தின் பெயர். பிறகு ஆகுபெயராய் அந்தக் குஞ்சுக்கும் அதன் இனத்துக்கும் ஆனது. பிறகு அதே தீவுகளில் அதே போல் வளை தோண்டி வாழும் இன்னொரு பறவைக்குத் தாவியது. இங்கும் விலங்கியல் பெயர் சாட்சி சொல்கிறது: மேங்க்ஸ் ஷியர்வாட்டரின் பெயர் 'பஃபினஸ் பஃபினஸ்'. இன்றைய பஃபினுக்கு அந்தப் பெயர் கிடைக்காமல் 'ஃப்ராட்டர்குலா', அதாவது சின்னத் துறவித் தம்பி, என்னும் பெயர் கிடைத்தது. அதன் கறுப்பு வெள்ளை உடுப்பைப் பார்த்தால் அதுவும் பொருத்தந்தான்.

நீர்க்காகத்தைக் குறிக்கும் கார்மரன்ட் என்பது தெளிவான மரூஉ. 'கோர்வுஸ் மரினுஸ்' என்னும் லத்தீன் தொடருக்குக் கடற்காக்கை என்பது பொருள். அது பழைய பிரெஞ்சில் 'கோர்மரெங்' போன்ற வடிவமாகத் தேய்ந்து, ஆங்கிலத்துக்கு வந்தபோது இரு சொல் ஒட்டிய தடமே தெரியாமல் போயிற்று. சோழநாடு சோணாடு ஆனதுபோல் என்று மாணவர்களிடம் சொன்னால் உடனே பிடிபடும். ஒரு காலத்தில் காரணப்பெயராய் இருந்தது, கேட்பவருக்கு இன்று இடுகுறியாகிவிட்டது.

எந்தக் கரையில் யார் பேசினார்கள்

ஒரு சொல்லின் மொழியை ஊகிக்குமுன் அந்தப் பறவை எங்கே கூடு கட்டுகிறது என்று பாருங்கள். பிரிட்டனின் வடக்கிலும் வடமேற்கிலும் உள்ள தீவுகளில், 9ஆம் நூற்றாண்டு முதல், ஸ்கேண்டிநேவியாவின் பழைய மொழியான நார்ஸைப் பேசிய வைக்கிங்குகள் குடியேறினார்கள். ஆகவே செங்குத்துப் பாறைகளில் குஞ்சு பொரிக்கும் வடகடல் பறவைகளின் பெயர்களில் நார்ஸ் மணம் வீசுவதில் வியப்பில்லை. ஆக் என்பது 'ஆல்கா' என்னும் நார்ஸ் சொல்லிலிருந்தும், ஆலாவைக் குறிக்கும் டெர்ன் என்பது 'தெர்னா' போன்ற ஸ்கேண்டிநேவிய வடிவத்திலிருந்தும் வந்தவை. மெத்தைக்கு இறகு தரும் ஐடர் வாத்தின் பெயர் ஐஸ்லாந்து மொழி வழி வந்தது. ஸ்குவா என்பது ஃபாரோ தீவுகளின் மொழியில் வழங்கும் 'ஸ்கூக்வுர்' என்பதன் திரிபு. அப்பறவைகள் நிறைந்த ஸ்கூவோய் தீவின் பெயரிலும் அச்சொல்லே இருக்கிறது.

இவற்றில் எனக்குப் பிடித்தது ஃபுல்மர். 'ஃபூல்' என்றால் நாறுவது, 'மார்' என்றால் கடற்காகம். நாற்றக் கடற்காகம் என்பது பொருள். பெயர் வைத்தவர் தொலைவிலிருந்து பார்த்துப் பெயர் வைக்கவில்லை என்பது உறுதி. கூட்டை நெருங்குபவர்மேல் இந்தப் பறவை, குஞ்சாக இருக்கும்போதே, வயிற்றிலிருந்து மீன் வாடை அடிக்கும் ஆரஞ்சு நிற எண்ணெயைப் பீய்ச்சி உமிழும். அது துணியில் பட்டால் துவைத்தாலும் லேசில் போகாது. எதிரிப் பறவையின் இறகில் பட்டால் இறகுகள் ஒட்டிக்கொள்ளும், நீரைத் தடுக்கும் தன்மை கெட்டுவிடும். ஸ்காட்லாந்துக்கு மேற்கே அட்லாண்டிக்கில் தனித்துக் கிடக்கும் செயின்ட் கில்டா தீவின் மக்கள், கயிற்றில் தொங்கியபடி இப்பறவைகளைப் பிடித்து, இறைச்சியை உண்டு, அந்த எண்ணெயையே விளக்குக்கு ஊற்றினார்கள். 1930 ஆகஸ்டில், எஞ்சியிருந்த 36 பேரும் அத்தீவை விட்டு வெளியேறினார்கள். இப்படி ஒரு சொல்லின் பின்னால் அதைச் சொன்னவரின் கையும் மூக்கும் தெரியும்போது, சொற்பிறப்பு சரியாக அமைந்திருக்கிறது என்னும் நம்பிக்கை கூடுகிறது.

ஆங்கிலத்தில் 'கல்' என்று ஒலிக்கும் கடற்காகத்தின் பெயர் நார்ஸிலிருந்து வரவில்லை. வேல்ஷ் மொழியின் 'க்விலன்', பிரான்சின் பிரிட்டனி பகுதியில் வழங்கும் பிரெத்தோன் மொழியின் 'கோயலன்' ஆகியவற்றோடு சேர்ந்த செல்டிக் சொல் அது. ஆங்கிலத்தின் சொந்தச் சொல் 'மியூ'. ஜெர்மன் மொழியின் 'மோவெ' அதன் உடன்பிறப்பு. வந்த சொல் வீட்டுச் சொல்லை ஓரத்துக்குத் தள்ளிவிட்டது. எளிதில் ஏமாறுபவரைக் குறிக்கும் 'கல்லிபிள்' என்னும் சொல்லை இந்தக் கடற்காகத்தோடு அவசரப்பட்டு முடிச்சுப் போடாதீர்கள். இறகு முளைக்காத குஞ்சைக் குறிக்கும் 'கல்' என்று மற்றொரு சொல்லும் ஆங்கில வட்டார வழக்கில் உண்டு. கானெட் என்னும் பெரிய வெள்ளைக் கடற்பறவையின் பெயரும் பழைய ஆங்கிலத்திலேயே 'கனோட்' என்று இருந்த சொல். ஆண் கூஸ் வாத்தைக் குறிக்கும் 'காண்டர்' என்னும் சொல்லுக்கு உறவு. பழைய ஆங்கிலக் கவிதையில் கடலைக் 'கானெட் குளிக்கும் துறை' என்று சொல்வார்கள்.

மாலுமிகள் கொண்டுவந்தவை

வெப்பக் கடல்களிலும் தென்கடல்களிலும் வாழும் பறவைகளின் பெயர்களைத் தேடும்போது, ஸ்பானிய, போர்த்துகீசிய, டச்சு மொழிகளின் பக்கம் திரும்புங்கள். அல்பட்ராஸ் இதற்கு நல்ல பாடம். இன்று அது பெருஞ்சிறகுடைய தென்கடல் பறவை. பழைய வடிவம் 'அல்கட்ராஸ்'. 16ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் அது கூழைக்கடா, ஃபிரிகேட் பறவை போன்ற பெரிய நீர்ப்பறவைகளையெல்லாம் குறித்தது. ஸ்பானியக் கப்பலோட்டி ஹுவான் மனுவேல் தே அயாலா 1775இல் சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாவில் ஒரு தீவுக்குக் 'கூழைக்கடாக்களின் தீவு' என்னும் பொருளில் பெயரிட்டார். பின்னாளில் சிறைச்சாலையால் பேர்பெற்ற அல்கட்ராஸின் பெயர் அதிலிருந்து வந்ததே. முன்னால் நிற்கும் 'அல்' அரபு மொழியைக் காட்டுகிறது, அல்ஜீப்ராவில் இருப்பதுபோல. மூழ்குவது என்னும் பொருளுடைய 'அல்-கத்தாஸ்' என்பதிலிருந்து வந்தது என்பார் சிலர். நீரிறைக்கும் சக்கரத்தின் வாளியைக் குறிக்கும் 'அல்-காதூஸ்' என்பதிலிருந்து, கூழைக்கடாவின் தொண்டைப் பையை எண்ணி வந்தது என்பார் வேறு சிலர். இனி, நடுவில் இருந்த ககரம் பகரமாக மாறியது ஏன்? லத்தீனில் வெள்ளையைக் குறிக்கும் 'அல்புஸ்' என்னும் சொல் உள்ளே புகுந்துவிட்டது. வெள்ளைப் பறவையைப் பார்த்தவர்கள் புரியாத சொல்லைப் புரிந்த சொல்லாக ஆக்கிக்கொண்டார்கள். மரைக்காடு மறைக்காடாகி, அதன்பின் வேதாரண்யம் ஆயிற்று என்று காட்டுவார்களே, அந்த வகை.

மாலுமிகள் வைத்த பெயர்களில் முட்டாள்கள் மிகுதி. பூபி என்பது ஸ்பானிய மொழியில் முட்டாளைக் குறிக்கும் 'போபோ'. நாடி என்பது ஆங்கிலத்திலேயே அப்பாவியைக் குறித்த சொல், அதன் விலங்கியல் பெயரான 'அனோவுஸ் ஸ்டோலிடஸ்' இரு சொல்லாலும் அதையே திட்டுகிறது. கானெட்டின் பேரினப் பெயரான 'மோருஸ்' என்பதும் கிரேக்கத்தில் மூடன். மாலிமாக் என்னும் சிறிய அல்பட்ராஸின் பெயர் டச்சு மொழியில் 'மல்லெமோக்', அதாவது மடக் கடற்காகம். அது வடகடலில் ஃபுல்மருக்கு வழங்கி, பெங்குவினைப் போலவே கப்பலேறித் தெற்கே போய்ப் பறவை மாறியது. மனிதரையே பார்த்திராத தீவுகளில் வாழ்ந்தமையால், இவை கப்பலில் வந்து அமர்ந்து பிடிபட்டன. பிடித்துத் தின்றவர்கள் முட்டாள் என்று பெயரும் வைத்தார்கள். பெயர்ச்சொல்லை வைத்துப் பறவையின் குணத்தை எழுத முனைபவர்கள் இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

அழகான கதையைச் சந்தேகியுங்கள்

புயற்காலத்தில் கப்பலின் பின்னே, அலைமேல் கால் பாவி நடப்பதுபோல் பறக்கும் சிறு பறவை பெட்ரல். கலிலேயாக் கடல்மேல் இயேசுவை நோக்கி நடந்த பேதுருவின் பெயர் அதற்கு வந்தது என்று கப்பலோட்டி வில்லியம் டாம்பியர் 1703இல் எழுதினார். பேதுருவை இராயப்பர் என்று கொண்டாடும் நம் கடற்கரை ஊர்களில் இதைச் சொன்னால் மறுப்பவர் இருக்கமாட்டார்கள். ஆனால் நோட்டின் இரண்டாம் கட்டத்தைப் பாருங்கள்: 1676இல் கிடைக்கும் வடிவம் 'பிட்டெரல்'. நீரைக் கால் தட்டும் 'பிட்டர்-பாட்டர்' ஓசையே அதில் கேட்கிறது என்று சொல்ல இடமிருக்கிறது. பேதுரு பின்னர் எழுத்தைத் திருத்தியிருக்கலாம். கதை அச்சொல்லின் வரலாற்றில் ஒரு பகுதிதான். ஆயினும் அது தொடக்கம் என்பதற்கு டாம்பியரின் கூற்று மட்டும் போதாது.

மற்ற வகைகளில் சிக்கல் குறைவு. ஷியர்வாட்டர் நீரைக் கத்தரிப்பதுபோல் தாழப் பறப்பது. ரேஸர்பில் சவரக்கத்தி அலகு. ஃபிரிகேட் பறவை, பிற பறவைகளைத் துரத்தி இரையைப் பறிப்பதால், விரைந்து தாக்கும் போர்க்கப்பலின் பெயரைப் பெற்றது. கிட்டிவேக் தன் பெயரைத் தானே கூவுகிறது, நம் அக்காக்குயிலைப் போல. கில்லிமாட் என்பது கியோம் என்னும் பிரெஞ்சு ஆள்பெயரின் செல்ல வடிவம். வில்சன், லீச் என்று ஆய்வாளர் பெயர் தாங்கியவற்றுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை: தன் எல்லைக்குட்பட்ட நிலப்பகுதிகளில் ஆட்களின் பெயரால் வழங்கும் ஆங்கிலப் பறவைப் பெயர்களை மாற்றப்போவதாக அமெரிக்கப் பறவையியல் கழகம் 2023 நவம்பரில் அறிவித்தது. ஆகவே நோட்டில் ஆண்டையும் சேர்த்து எழுதுங்கள்.

தமிழில் எழுதும்போது

வேர்ப்பொருளைத் தமிழ்ப் பெயராக ஆக்கிவிடும் ஆசை வரும். டெர்னுக்கு ஆலா என்றும் பெலிக்கனுக்குக் கூழைக்கடா என்றும் நமக்குச் சொந்தப் பெயர்கள் இருக்கையில் அதற்குத் தேவையில்லை. எல்லாவற்றிலும் வழுக்குவது கார்மரன்ட்தான். அதன் லத்தீன் வேரைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால் 'கடற்காகம்' என்று வரும். ஆனால் தமிழில் கடற்காகம் என்பது, சீகல் என்று பலரும் சொல்லும் வேறு பறவை. கார்மரன்டுக்கு நம் பெயர் நீர்க்காகம். லத்தீன்காரரும் தமிழரும் தனித்தனியே ஒரே கறுப்புப் பறவையைப் பார்த்து ஒரே காக்கையை நினைத்தார்கள்; கடலையும் நீரையும் மட்டும் மாற்றி வைத்தார்கள். எனவே வேரை விளக்கும் இடத்தில் 'கடற்காக்கை என்னும் பொருளுடைய லத்தீன் தொடர்' என்று எழுதுங்கள். பறவையைச் சொல்லும் இடத்தில் நீர்க்காகம் என்று எழுதி, பக்கத்தில் அதன் பேரினப் பெயரான ஃபலக்ரோகோராக்ஸையும் குறியுங்கள். அந்தப் பெயருக்கும் கிரேக்கத்தில் வழுக்கைத்தலைக் காக்கை என்றுதான் பொருள்.